பஸ் பாஸ் வரிசையில் ஓர் ஆலோசனை அறை

ஓர் அறையைத் தயார் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். அந்த ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தலைமை ஆசிரியர் ஒரு கடிதத்தை என் மேஜையில் வைத்து, “நம்ம ஸ்கூலுக்குக் கவுன்சிலிங் குடுக்க ஒரு பிள்ளை வருதாம்மா. ரூம் ஒண்ணு ஒதுக்கி, ஆக வேண்டியதைப் பாத்துக்கிடுங்க” என்றார். அப்போது மணி பத்து இருபது. பதினொன்றரைக்குள் அறையைத் தேர்ந்தெடுத்து, நீள அகலம் அளந்து, சாவியில் பெயர்ச்சீட்டும் கட்டிவிட்டேன்.

நேரம் எப்படி நினைவிருக்கிறது என்றால், எழுதி வைத்திருக்கிறேன். கோவில்பட்டியில் இந்த மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இளநிலை உதவியாளராக இருக்கிறேன். நாட்குறிப்பு அதற்கும் முன்பிருந்தே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். காற்று எப்படி அடித்தது, எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம், யார் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். என் கணவருக்கு இது தீராத வேடிக்கை. நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு நான் எத்தன தும்மல் போட்டேன்னு எழுதிட்டியா ஏட்டி?” என்பார். ஒருநாள் உண்மையாகவே எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். ஆறு. அதன்பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டார், கேள்வியை.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதுகலை உளவியல் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களைக் கடைசி ஆண்டில் ஊர் ஊராகப் பள்ளிகளுக்கு அனுப்பி, வளரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசப் பழக்கும் ஃபெல்லோஷிப் அது. மாதம் ஓர் உதவித்தொகை. வாரம் ஒருமுறை அனுபவமுள்ள ஒரு சூப்பர்வைசரோடு ஃபோனில் பேச்சு. எங்கள் ஊருக்கு ஒருவர், ஒரு கல்வியாண்டு முழுவதும்.

நான் தேர்ந்தெடுத்த அறை, ஆசிரியர்கள் அறைக்கும் தலைமை ஆசிரியர் அறைக்கும் நடுவில் இருந்தது. முன்பு தேசப்படங்களைச் சுருட்டி வைத்திருந்த இடம். பதினோரு அடிக்கு ஒன்பதடி, இரண்டு ஜன்னல், நல்ல வெளிச்சம். பள்ளியில் யார் எங்கே போனாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். இதைவிட நல்ல இடம் உண்டா என்று நினைத்தேன். ஓவிய ஆசிரியரிடம் சொல்லி, மூன்றடி நீளப் பலகையில் மஞ்சளில் கறுப்பாக ‘மனநல ஆலோசனை அறை’ என்று எழுதி வாங்கி மாட்டினேன். மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தும் படிக்கலாம். நின்று படித்துப் பார்த்தேன்.

வாசலில் ஒரு ஸ்டூல். அதன்மேல் ஒரு நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. நோட்டில் நானே கோடு போட்டு எட்டுக் கட்டம் பிரித்திருந்தேன்: வரிசை எண், தேதி, பெயர், வகுப்பு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், காரணம், கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தை மட்டும் அகலமாக விட்டிருந்தேன், விவரமாக எழுத வேண்டி வரும் என்று.

அந்தப் பெண் திருச்சியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். இருபத்து மூன்று வயது. தோளில் ஒரு பெரிய பை, கையில் ஒரு சின்ன மேஜை ஃபேன். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லா இருக்கு மேடம்” என்றாள். பிறகு நோட்டைத் திறந்து சற்று அதிக நேரம் பார்த்தாள்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கே மேடம். அதைப் பசங்க எழுதணுமா?”

“எழுதாம எப்படிம்மா? நாளைக்கு யாராவது வந்து கேட்டா காட்டணும்லா.”

“சரிங்க மேடம்” என்றாள். அன்றைய என் குறிப்பில், ‘புதுப் பெண் நோட்டைப் பற்றிக் கேட்டாள். விளக்கினேன்’ என்று இருக்கிறது.

எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறை பார்த்துக் கொடுத்தேன். மாலையில் இருவரும் சேர்ந்து நடந்து வருவோம். ஆடிக் காற்று தொடங்கியிருந்தது; கரிசல் காட்டுப் புழுதி ஊருக்குள் வந்து பல்லில் நறநறக்கும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடப்போம். இரண்டாவது வாரம் அப்படி நடக்கும்போதுதான் அவள் தன் ஃபெல்லோஷிப்பின் நிபந்தனையைச் சொன்னாள். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் சூப்பர்வைசர் நேரில் வந்து பார்ப்பார். அதற்குள் பிள்ளைகள் யாரும் அனுப்பாமல், தாங்களாக வந்து பேசுகிற இடமாக அது ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் எங்கள் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். வேறு ஊர் எல்லாவற்றுக்கும் ஆள் போட்டாயிற்று. எனவே அவளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அந்த ஆண்டுப் பயிற்சி கணக்கில் வராது.

“அதெல்லாம் வருவாங்க. போர்டு அவ்வளவு பெருசா வச்சிருக்கேன்லா” என்றேன்.

ஜூலை முடிவில் நோட்டில் பதினேழு பேர் இருந்தார்கள். காரணக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தார்கள் என்பதை அப்படியே தருகிறேன். ‘சும்மா’ என்று நான்கு பேர். ‘சார் அனுப்பினார்’ என்று ஏழு பேர். சுவர் ஏறிக் குதித்து மாட்டிய மூன்று பேர் ‘சுவர்’ என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘ஃபேன்’ என்றும், இன்னொருவன் ‘கணக்கு’ என்றும் எழுதியிருந்தான். கணக்குப் பாடம் கஷ்டமாக இருக்கிறதோ என்று அந்தப் பெண் விசாரித்தாளாம். “இல்ல மிஸ், இப்ப கணக்குப் பீரியட். அதான் இங்கன வந்தேன்” என்றானாம். கடைசியாக ஒருவன் காரணக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆசிரியர்களும் அந்த அறையைத் தங்கள் வழியில் பயன்படுத்திக்கொண்டார்கள். பிரம்பெல்லாம் போன காலம் இது. கையில் ஏதாவது ஒன்று வேண்டாமா? தாழ்வாரத்தில் தலைமை ஆசிரியரின் குரலே கேட்கும்: “ஏலே, வாய மூடுதியா, இல்ல கவுன்சிலிங்குக்கு அனுப்பட்டா?” உடனே வகுப்பு அமைதியாகிவிடும். உள்ளே உட்கார்ந்து அந்தப் பெண் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளைகளும் சும்மா இருப்பார்களா? அந்த வாசலில் யாராவது ஒரு நொடி நின்றால் போதும், “என்னடே, நட்டு கழண்டுட்டா?” என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும்.

ஜூலை மாதக் கடைசி வெள்ளியன்று ஆசிரியர்கள் கூட்டம். அலுவலக விவரங்களை நான்தான் வாசிப்பேன். வருகை, புத்தகம், சீருடை எல்லாம் வாசித்துவிட்டு, நல்லெண்ணத்தோடு, ஆலோசனை அறை நோட்டிலிருந்து வகுப்புவாரியாக எடுத்த எண்ணிக்கையையும் வாசித்தேன். எட்டாம் வகுப்பு மூன்று. ஒன்பதாம் வகுப்பு எட்டு. பத்தாம் வகுப்பு ஐந்து. பதினொன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு, ஒன்று. கூட்டல் சரியாக இருந்தது. அந்தப் பெண் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசிக்கும்போது அவள் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்தேன். கால் மரத்திருக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அந்த ‘பி’ பிரிவின் வகுப்பாசிரியர், அவரும் நல்லெண்ணத்தோடுதான், வகுப்பில் கேட்டிருக்கிறார்: “நம்ம கிளாஸ்ல இருந்து ஒருத்தன் கவுன்சிலிங் போயிருக்கானாமே, யாருலே அது? என்ன பிரச்சினைன்னு நம்மகிட்டயே சொல்லலாம்லா?”

கோடு போட்ட பையன் அவன்தான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவன் பள்ளிக்கு வரவில்லை.

புதன்கிழமை மாலை அந்தப் பெண் என்னோடு நடந்து வராமல், அலுவலகத்திலேயே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது; ஆனால் குரல் உயரவில்லை.

“அவன் நாலு வாரமா அந்த வாசலைத் தாண்டிப் போயிட்டு இருந்தான் மேடம். அஞ்சாவது வாரம்தான் உள்ள வந்தான். பத்து நிமிஷம் பேசினான். என்ன பேசினான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே அவன் வர மாட்டான். அவனைப் பாத்த மத்தவங்களும் வர மாட்டாங்க.”

“நான் பேரை வாசிக்கலையேம்மா. வகுப்பைத்தானே...”

“ஒரு வகுப்புல ஒருத்தன்னா, அது பேர்தானே மேடம்?”

 வீட்டுக்கு வந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன். முதல் நாள் அவள் கேட்டது இருந்தது. ஜூன் கடைசி வாரத்தில், ‘நோட்டு வேண்டுமா என்று மறுபடி கேட்டாள். மறுபடி விளக்கினேன்.’ ஜூலை நடுவில், ‘மூன்றாம் முறை. பொறுமையாக விளக்கினேன்.’ மூன்று இடத்திலும் என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.

கணவரிடம் சொன்னேன். கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், முதலில் சிரிக்கவில்லை.

“மில்லுல ஒருத்தன் பிரஷர் மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்குப் போனாலே, கேட்டைத் தாண்டுததுக்குள்ள நாலு பேரு என்ன ஏதுன்னு கேப்பான். அவனவன் டவுன்ல வேற மெடிக்கல்ல போயி வாங்குதான். நீ என்னடான்னா வாசல்ல நோட்டு போட்டு, பேனாவையும் கட்டி வச்சிருக்கே.” அதன்பிறகுதான் சிரித்தார். “அதுலயும் பேனாவ யாரும் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு நூலு வேற.”

மறுநாள் எட்டு நாற்பதுக்குப் போய், முதல் வேலையாகப் பலகையைக் கழற்றினேன். நோட்டில் எழுதியிருந்தது ஒன்றரைப் பக்கம்தான். ஒரு பதிவேட்டிலிருந்து தாளைக் கிழிப்பது என் பணிக்காலத்தில் அதுதான் முதல் தடவை. நான் கிழித்துக் கொடுத்தேன், அந்தப் பெண் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கினாள். “பலகையைப் பாத்துத்தான வருவாங்க? அது இல்லாம எப்படித் தெரியும்?” என்று தலைமை ஆசிரியர் கேட்டார். “தெரியக் கூடாதுன்னுதான் சார்” என்றேன். அவர் என்னையும் சுவரில் இருந்த இரண்டு ஆணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

கழற்றி என்ன பயன்? அடுத்த பத்து நாளில் ஒருவரும் வரவில்லை. பலகை இல்லாவிட்டாலும் அறை அதே இடத்தில்தானே இருந்தது. அந்தப் பையன் பள்ளிக்குத் திரும்பியிருந்தான், ஆனால் அந்தத் தாழ்வாரத்தைத் தவிர்க்க மைதானத்தைச் சுற்றிப் போனான். சனிக்கிழமை ஃபோன் பேச்சு முடிந்ததும் அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சூப்பர்வைசர் வரும் நாள் செப்டம்பரில் முடிவாகிவிட்டது என்றாள். ஐந்து வாரம் இருந்தது.

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. கடம்பூர், இடைசெவல் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் வாங்கிக் கொடுப்பது என் வேலை. விண்ணப்பத்தை நிரப்பி, படம் ஒட்டி, முத்திரை வைத்து டிப்போவுக்கு அனுப்ப வேண்டும். ஜூனில் தொடங்கினால் முடிவே இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர், தொலைத்தவர், வீடு மாறியவர், சட்டையோடு சேர்த்து அம்மா துவைத்ததில் பாஸ் கூழாகிப்போனவர் என்று ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஒரு வரிசை நிற்கும். பள்ளியில் நிற்பதற்குக் காரணமே கேட்கப்படாத ஒரே இடம் அந்த வரிசை.

ஒரு நாள் பதினொரு மணி டீக்கு அந்தப் பெண் என் அலுவலகத்துக்கு வந்து, பின்பக்க மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்ற ஒரு மாணவிக்குப் பேனா எழுதவில்லை. உள்ளே வந்து அந்த மேஜையில் வைத்து எழுது என்று அனுப்பினேன். பஸ் பாஸ் விண்ணப்பத்தை நிரப்ப நாலு நிமிடம் ஆகும். மெதுவாக எழுதுபவருக்கு ஐந்து. அவள் இருபத்தாறு நிமிடம் கழித்து எழுந்தாள். விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினாள். பெயருக்குக் கீழே ஒன்றுமே எழுதவில்லை.

“மிஸ், இத நாளைக்கு நிரப்பித் தாரேன்” என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய்விட்டாள்.

அந்தப் பெண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுடைய டீ ஆடை கட்டிப் போயிருந்தது.

“மேடம்...” என்றாள்.

“இரும்மா. அளவு எடுக்கணும்” என்றேன்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சாமான் அறை உண்டு. பச்சைக் கதவு. அதற்கு இன்னொரு கதவு குழாயடிப் பக்கம் திறக்கும். இரண்டு நாளில் அதைக் காலி செய்தோம். புதிய நடைமுறை இது: ஜன்னலில் விண்ணப்பம் வாங்குகிறவர்கள் எல்லோரும் அலுவலகத்துக்குள் வந்து மேஜையில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பச்சைக் கதவு வழியாகப் போய்க் குழாயடியில் வெளியேற வேண்டும். வந்த வழியே யாரும் திரும்பக் கூடாது. வரிசையில் நிற்பவர்களுக்கு, ஒருவர் உள்ளே போவதுதான் தெரியும். நாலு நிமிடத்தில் வெளியே போனாரா நாற்பது நிமிடத்தில் போனாரா என்று ஒருவருக்கும் தெரியாது. பச்சைக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு தட்டி மறைவில் இரண்டு நாற்காலி. பழைய பிரிண்டரைக் கதவை ஒட்டி வைத்தேன். அது ஒரு தாள் அடிப்பதற்குள் மாவரைக்கும் மெஷின் மாதிரி ஊரைக் கூட்டும்; உள்ளே பேசுவது எனக்கே கேட்காது.

முதல் வாரம் இரண்டு பேர் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் எத்தனை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் சில புதுமைகளை ஜன்னலில் இருந்தே கவனித்தேன். பஸ்ஸே போகாத பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பாஸ் கேட்டு வந்தார்கள். முன்பெல்லாம் கேட்டிருப்பேன்: “உன் வீடு இந்தா தெரியுது, உனக்கு எதுக்குட்டி பாஸ்?” இப்போது விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். ஒருத்தி ஒரே மாதத்தில் மூன்று முறை பாஸைத் தொலைத்தாள். ஒவ்வொரு முறையும், “எங்கன விழுந்துச்சுன்னே தெரியல மிஸ்” என்றாள். “பரவால்ல, உள்ள வா” என்றேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், வரிசையில் அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பையன் நின்றான்.  முத்திரையைக் கீழே வைத்துவிட்டேன்.

“பாஸ் தொலைஞ்சு போச்சு மிஸ்” என்றான். சட்டைப்பையில் அவனுடைய பாஸ் பாதி வெளியே தெரிந்தது. அவன் படம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருந்தேன். ஆனால் பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள். கேட்டால் அதுவும் கூட்டத்தில் வாசித்தது மாதிரி ஆகிவிடும். “புதுசு தாரேன்யா. மேஜையில வச்சு மெதுவா எழுது, ஒண்ணும் அவசரம் இல்ல” என்று மட்டும் சொன்னேன். அவன் உள்ளே போனான். குழாயடியில் எப்போது வெளியே வந்தான் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக அன்று தேவையில்லாமல் ஒரு கட்டு உறைகளுக்கு முகவரி எழுதினேன்.

சூப்பர்வைசர் வருவதற்கு முந்தின நாள் தலைமை ஆசிரியர் என்னையும் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டார். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. பலகையை மறுபடி மாட்டுவது. பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ‘நாங்கள் மனம் தெளிந்தோம்’ என்று ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வைப்பது. கடம்பூர் போளி இரண்டு பெட்டி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

“போளி இருக்கட்டும் சார். மத்தது வேண்டாம்” என்றேன்.

“அப்போ அவிய வந்தா எதைக் காட்டுவீங்க? நோட்டும் இல்லங்கீங்க, பலகையும் இல்லங்கீங்க, ரூமும் இல்ல. ஒரு சாமான் அறையும் ஒடஞ்ச பிரிண்டரும்தான் இருக்கு.”

“ஒண்ணும் காட்ட முடியாது சார்” என்றாள் அந்தப் பெண்.  அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.  அன்று மாலை மாடிப்படியில் ஏறும்போது, “திருச்சிக்கு முன்பதிவு இல்லாம இடம் கிடைக்குமா மேடம்?” என்று கேட்டாள்.

“பேசாமத் தூங்கு போ” என்றேன்.

பதினொரு மணி ரயிலில் சூப்பர்வைசர் வருவதாக ஏற்பாடு. தலைமை ஆசிரியர் பத்து மணிக்கே ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அன்று வரிசை நீளம். ஒன்பது ஐம்பதுக்கு ஜன்னலைத் திறந்தவள், நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே காலுக்கு, ஜன்னலுக்கு நாலடி தூரத்தில் ஒரு பேச்சுக் காதில் விழுந்தது.

“ஏம்மா, இங்க கவுன்சிலிங் ரூம் எங்க இருக்கு?” ஒரு வயதான பெண்குரல்.

“அப்படி ஒண்ணும் இங்கன இல்லையே.” இது எங்கள் பிள்ளை ஒருத்தி. ஏழாவது, எட்டாவது இருக்கும்.

“இருக்குன்னு சொன்னாங்களே.”

“அது மொதல்ல இருந்துச்சு. இப்ப எடுத்தாச்சு.”

என் பேனா நின்றுவிட்டது. வந்திருப்பது யாரோ ஒரு மாணவியின் அம்மாவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை.

வந்தவர், “அப்போ இங்க யாருக்காவது மனசு சரியில்லைன்னா என்ன பண்ணுவீங்க?” என்றார்.

 அந்தப் பிள்ளையின் குரல் தாழ்ந்தது, அக்கறையும் வந்துவிட்டது. “உங்களுக்கா?”

“எனக்குன்னு வச்சுக்கோயேன்.”

“அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. இந்த லைன்லயே நில்லுங்க. ஆபீஸ் மிஸ்கிட்ட பஸ் பாஸ் ஃபாரம்னு கேளுங்க. எதுக்குன்னு கேக்க மாட்டாவ, முன்னாடிதான் கேப்பாவ. உள்ள பச்சைக் கதவு இருக்கும். அங்கன ஒரு அக்கா இருக்காவ. சொல்லுததக் கேப்பாவ. அழுதாலும் ஒண்ணும் நினைக்க மாட்டாவ. யாருக்கும் தெரியாது.”

“நீ போயிருக்கியா?”

“நான் பஸ் பாஸுக்குத்தான் போனேன்” என்றாள் அவள், சட்டென்று.

 வரிசை நகர்ந்தது. மூன்று விண்ணப்பம் கொடுத்தேன். யாருக்குக் கொடுத்தேன் என்று தெரியாது. நாலாவதாக ஜன்னலில் ஒரு கை நீண்டது. பருத்திச் சேலை, கையில் துணிப்பை, நரைத்த கொண்டை.

“ஒரு பஸ் பாஸ் ஃபாரம் குடுங்க.”

“எந்த வகுப்பு?” என்று கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

“எல்லா வகுப்பும் முடிச்சுட்டேன்மா” என்றார் அவர். “மதுரையில இருந்து பஸ்ஸுலயே வந்துட்டேன். ரயிலுக்கு நிக்கப் பொறுமை இல்லை.”

நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டி, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே சுற்றி உள்ளே வந்து, பச்சைக் கதவைத் திறந்து போனார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் குழாயடிப் பக்கமாக வெளியே வந்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: “பசங்க தானா வராங்களான்னுதான் பார்க்க வந்தேன். எப்படி வரதுன்னு ஒரு பொண்ணு எனக்கே வழி சொல்லிட்டா. இடம் இங்கேயே இருக்கட்டும்.”

அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி, மறுநாள்கூட வலித்தது. ஸ்டேஷனிலிருந்து தனியாகத் திரும்பி வந்த தலைமை ஆசிரியர், தன் அறையில் விருந்தாளி உட்கார்ந்து போளி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டம். மைதானம் முழுக்கப் பிள்ளைகள். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்புதான். கொடி, வாழ்த்து, உறுதிமொழி முடிந்ததும் தலைமை ஆசிரியர் மைக் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். முகம் பூரித்திருந்தது.

“அன்பான மாணவச் செல்வங்களே! ஒரு மகிழ்ச்சியான செய்தி. நம்ம பள்ளியில மனநல ஆலோசனைத் திட்டம் தொடர்ந்து நடக்கப் போகுது. நம்ம பிள்ளைங்க எத்தனையோ பேரு, நம்ம ஆபீஸ் வழியா...”

நான் சுவிட்சை அணைத்தேன்.

அவருடைய வாய் மட்டும் அசைந்தது. இரண்டு முறை மைக்கைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை; எடுக்க மறந்துவிட்டேன். ஒரு தலைமை ஆசிரியரின் பேச்சை அணைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் பெண் ஆசிரியர் வரிசையிலிருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தாள்.

“கரண்டு போச்சா?” என்றார் அவர்.

“இல்ல சார். நான்தான் அணைச்சேன்.”

“ஏம்மா? நல்ல விஷயம்தான சொல்லுதேன்?”

“சொல்லிட்டீங்கன்னா நாளைக்கு அந்த லைன்ல ஒருத்தர் நிக்க மாட்டாங்க சார்” என்றாள் அந்தப் பெண், மூச்சு வாங்க.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். ஆயிரத்துச் சொச்சம் முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பத்தாம் வகுப்பு வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மீசையை ஒருமுறை தடவிவிட்டு, எனக்குத் தலையசைத்தார். சுவிட்சைப் போட்டேன்.

“மைக்ல கோளாறு. சொல்ல வந்தது என்னன்னா, பஸ் பாஸ் இன்னும் வாங்காதவிய, தொலைச்சவிய, எத்தனை தடவை தொலைச்சிருந்தாலும் சரி, ஆபீஸ்ல வந்து வாங்கிக்கிடுங்க. அவ்வளவுதான்.”

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “சார், நான் சைக்கிள்ல வாரேன் சார்!”

“சைக்கிள்ல வாரவனுக்கும் உண்டுலே” என்றார் தலைமை ஆசிரியர். “போங்க, கிளாஸுக்குப் போங்க.”